பழைய ரைசன் 5 1600 செயலியில் விளையாட்டுகளின் வேகத்தைக் கூட்ட இன்னும் வழி இருக்கிறதா?

கேள்வி: ஆறுகோர்

வணக்கம். 2017ஆம் ஆண்டில் வெளிவந்த ஏஎம்டி ரைசன் 5 1600 செயலியை, அது புதிதாக இருந்த காலத்திலிருந்தே பயன்படுத்தி வருகிறேன். மதர்போர்டு பி350 சிப்செட் கொண்டது. ரேம் 8 ஜிபி வீதம் இரண்டு, ஆக 16 ஜிபி டிடிஆர்4. வாங்கிய பெட்டியின் மேல் 3200 என்று அச்சிட்டிருந்தது. அண்மைக்காலம் வரை ஜிடிஎக்ஸ் 1060 கார்டு இருந்தது. புதிய விளையாட்டுகள் திணறத் தொடங்கியதும், குறை கிராபிக்ஸ் கார்டில்தான் என்று முடிவுகட்டி, ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கார்டை வாங்கிப் பொருத்தினேன்.

எதிர்பார்த்தது நடக்கவில்லை. காட்சித் தரத்தை உயர்த்த முடிந்தது என்பது உண்மை. ஆனால் நகரத் தெருக்களில் கூட்டம் நிறைந்த இடங்களுக்குள் நுழைந்தவுடன், ஃபிரேம் எண்ணிக்கை (நொடிக்கு வரும் படங்கள்) முன்பு எந்த அளவுக்கு விழுந்ததோ அதே அளவுக்கு இப்போதும் விழுகிறது. 144 ஹெர்ட்ஸ் திரையில் 1080பி தெளிவில் விளையாடுகிறேன். சராசரியாக 70 ஃபிரேம்கள் வருவதாகக் கணக்குக் காட்டினாலும், வண்டி ஓட்டும்போதும் சட்டென்று திரும்பிப் பார்க்கும்போதும் படம் ஒரு கணம் நின்று, பிறகு குதித்து நகர்கிறது. அந்த ஒரு கணம்தான் விளையாட்டின் சுவையையே கெடுத்துவிடுகிறது.

டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் செயலியின் பயன்பாடு 45 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. கிராபிக்ஸ் கார்டின் பயன்பாடோ 55க்கும் 60க்கும் இடையில் நிற்கிறது. இரண்டுமே பாதி ஓய்வில் இருக்கும்போது வேகம் எங்கே தடைபடுகிறது என்பது எனக்கு விளங்கவில்லை. மதர்போர்டு, ரேம், செயலி என்று எல்லாவற்றையும் ஒரே வீச்சில் மாற்றும் எண்ணம் இப்போதைக்கு இல்லை; இருக்கும் செயலியிடமிருந்து இன்னும் எவ்வளவு வேலை வாங்க முடியும் என்பதை அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். பயாஸ் (கணினி தொடங்கும்போது ஓடும் மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அமைப்புகளை இதுவரை தொட்டதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில் 1: சட்டகக்கணக்கு

"இரண்டுமே பாதி ஓய்வில் இருக்கின்றன" என்ற கணிப்பு இந்தச் செயலியை வைத்திருக்கும் பலரும் செய்யும் பிழை என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் செயலியில் 6 கோர்களும் 12 த்ரெட்களும் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை இழைகள்) உள்ளன. டாஸ்க் மேனேஜர் காட்டும் 45 சதவீதம் என்பது இந்தப் பன்னிரண்டின் சராசரி. ஒரு த்ரெட் மூச்சு முட்ட முழுவதுமாக உழைத்தாலும் அந்தச் சராசரியில் அது 8.3 சதவீதமாக மட்டுமே தெரியும். விளையாட்டுகளின் வேலை பன்னிரண்டுக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை; பாத்திரங்களின் நகர்வு, மோதல் கணக்கு, கிராபிக்ஸ் கார்டுக்கு அனுப்ப வேண்டிய வரைதல் கட்டளைகள் ஆகியவற்றில் பெரும்பகுதியை ஓரிரு த்ரெட்களே சுமக்கின்றன. அவை முடிக்கும்வரை மற்றவை காத்திருக்கின்றன. கிராபிக்ஸ் கார்டும் காத்திருக்கிறது. ஆகவே 45 சதவீதம் காட்டும் செயலி, விளையாட்டைப் பொறுத்தவரை முழுக் கொள்ளளவையும் எட்டிவிட்ட செயலியாக இருக்கலாம். தனித்தனி த்ரெட்களின் வரைபடத்தைத் திறந்து பார்த்தாலும் உண்மை முழுவதும் தெரியாது. ஏனெனில் விண்டோஸ் அந்தச் சுமையை ஒரு கோரிலிருந்து இன்னொன்றுக்கு அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருப்பதால், எந்த ஒரு கட்டமும் நூறைத் தொடாமல் போகலாம்.

நம்பத் தகுந்த சாட்சி கிராபிக்ஸ் கார்டின் பயன்பாடுதான். ஃபிரேம் வரம்பும், ஃபிரேம்களைத் திரையின் வேகத்தோடு இணைக்கும் வி-சிங்கும் அணைக்கப்பட்ட நிலையில் அது 95 சதவீதத்துக்கும் மேல் நின்றால், தடை கார்டில் இருக்கிறது. 60இல் நின்றால், கார்டு வேலைக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. ஐயம் தீர வேண்டுமானால், கூட்டம் நிறைந்த அதே தெருமுனையில் பாத்திரத்தை நிறுத்தி, தெளிவை 1080பியிலிருந்து 720பிக்குக் குறைத்துப் பாருங்கள். ஃபிரேம் எண்ணிக்கை அசையாமல் இருந்தால் தடை செயலியிடமோ ரேமிடமோ இருக்கிறது என்பது உறுதி.

சராசரி எண்ணிக்கையை நான் பெரிதாக மதிப்பதில்லை. நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 16.7 மில்லி விநாடி கிடைக்கிறது. 144 என்றால் 6.9 மில்லி விநாடிதான். ஒரு நொடியில் 69 ஃபிரேம்கள் ஒழுங்காக வந்து, ஒன்று மட்டும் 80 மில்லி விநாடி எடுத்துக்கொண்டால், சராசரி அதைக் காட்டிக்கொடுக்காது, கண் காட்டிக்கொடுத்துவிடும். எனவே மிக மெதுவான ஒரு சதவீத ஃபிரேம்களின் வேகத்தையும், ஃபிரேம் நேர வரைபடத்தையும் காட்டும் அளவீட்டுக் கருவி ஒன்றை நிறுவிக்கொள்ளுங்கள். நீங்கள் செய்யப்போகும் ஒவ்வொரு மாற்றத்தையும் அந்த எண்ணை வைத்தே எடைபோடுங்கள்.

இனி ரேம். பயாஸைத் தொட்டதில்லை என்று நீங்கள் எழுதிய ஒரு வரியைப் படித்தவுடன் என் ஐயம் முழுவதும் இங்கேதான் சென்றது. பெட்டியில் 3200 என்று அச்சிட்டிருந்தாலும், ரேமை அச்சிட்ட வேகத்தில் ஓட வைக்கும் எக்ஸ்எம்பி எனப்படும் அமைப்பைப் பயாஸில் நாமே இயக்காதவரை, அந்த ரேம் பொதுவாக 2133 அல்லது 2400 வேகத்தில்தான் ஓடும். சில மதர்போர்டுகளில் இதே அமைப்புக்கு டிஓசிபி என்றும் ஏ-எக்ஸ்எம்பி என்றும் பெயர்.

எந்தச் செயலியிலும் ரேம் வேகம் ஓரளவு பயன் தரும்; முதல் தலைமுறை ரைசனில் அது கூடுதலாகப் பயன் தருவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. உங்கள் 6 கோர்கள் ஒரே கூட்டமாக இல்லை. மூன்று மூன்றாக இரண்டு குழுக்களாகப் பிரிந்திருக்கின்றன. ஒவ்வொரு குழுவுக்கும் 8 எம்பி எல்3 கேச் (செயலிக்குள்ளேயே இருக்கும் விரைவு நினைவகம்) தனியாக உண்டு. ஒரு குழுவின் கோருக்கு மற்றக் குழுவின் கேச்சில் உள்ள தரவு தேவைப்பட்டால், அது இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் என்னும் இணைப்பைக் கடந்துதான் வர வேண்டும். அந்த இணைப்பின் வேகம் ரேமின் வேகத்தோடு கட்டப்பட்டிருக்கிறது: ரேம் 2133இல் ஓடினால் இணைப்பு ஏறத்தாழ 1066 மெகாஹெர்ட்ஸிலும், 2933இல் ஓடினால் ஏறத்தாழ 1466 மெகாஹெர்ட்ஸிலும் ஓடும். அதாவது, ரேமை விரைவாக்கும்போது செயலிக்குள்ளேயே இருக்கும் பாதையையும் சேர்த்தே விரைவாக்குகிறீர்கள்.

ஆகவே இரண்டு தகவல்கள் தேவை. டாஸ்க் மேனேஜரின் நினைவகப் பக்கத்தில் வேகம் எவ்வளவு என்று காட்டுகிறது? இரண்டு ரேம்களும் எந்தெந்த ஸ்லாட்டுகளில் செருகப்பட்டிருக்கின்றன?

பதில் 2: வெப்பக்குழம்பு

மேலே சொல்லப்பட்டதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் இந்தச் செயலியின் பெருக்கி (கோர்களின் வேகத்தை நிர்ணயிக்கும் எண்) பூட்டப்படாதது என்பதையும், பி350 சிப்செட் ஓவர்கிளாக் செய்ய, அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்ட, இடம் தருவது என்பதையும் யாரேனும் சொல்ல வேண்டும். ஏ320 மதர்போர்டாக இருந்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ரைசன் 5 1600 எல்லாக் கோர்களும் உழைக்கும்போது 3.4 கிகாஹெர்ட்ஸிலும், ஓரிரு கோர்கள் மட்டும் உழைக்கும்போது 3.6 கிகாஹெர்ட்ஸிலும் ஓடும். அதை எல்லாக் கோர்களுக்கும் நிலையாக 3.8 கிகாஹெர்ட்ஸில் நிறுத்துவது பெரும்பாலான சில்லுகளுக்கு இயலக்கூடியதே. பெருக்கி 38, செயலி மின்னழுத்தம் 1.35 வோல்ட்டுக்குள் என்று தொடங்கிப் பாருங்கள். 4.0ஐத் தொட வேண்டும் என்ற ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள், 3.9ஐத் தாண்டியதும் இந்தத் தலைமுறைச் சில்லுகள் ஒவ்வொரு சிறு ஏற்றத்துக்கும் அளவுக்கு மீறிய மின்னழுத்தம் கேட்கத் தொடங்கும். கிடைப்பது வேகத்தைவிட வெப்பமே.

அதற்கு முன்னால் ஒரு கேள்வி. இத்தனை ஆண்டுகளில் குளிர்விப்பானைக் கழற்றி வெப்பக் குழம்பை மாற்றியதுண்டா? அது காய்ந்து, விசிறியின் இதழ்களிலும் அலுமினியத் தகடுகளிலும் தூசி அடைந்திருந்தால், செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளலாம். விளையாடும்போது வெப்பநிலை 85 டிகிரியை நெருங்குகிறது என்றால், ஓவர்கிளாக் பற்றிய எண்ணத்தை ஒத்திவைத்துவிட்டு முதலில் தூசி தட்டுங்கள்.

கழற்றும்போது மிகுந்த எச்சரிக்கை வேண்டும். உங்கள் செயலி அமரும் ஏஎம்4 சாக்கெட்டில் பின்கள் மதர்போர்டில் இல்லை, செயலியின் அடியில் இருக்கின்றன, 1331 பின்கள். பழைய குழம்பு பசைபோல் இறுகியிருக்கும்போது குளிர்விப்பானை நேராக மேலே இழுத்தால், நெம்புகோல் பூட்டியிருக்கும்போதே செயலியும் அதனோடு சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். எனக்கு ஒருமுறை அப்படித்தான் வந்தது. வளைந்த நான்கு பின்களை மெக்கானிக்கல் பென்சிலின் வெற்று முனையால் ஒவ்வொன்றாக நிமிர்த்திய அந்த ஒரு மணி நேரத்தை இன்னொருவர் அனுபவிக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கணினியில் ஏதாவதொரு விளையாட்டைப் பத்து நிமிடம் ஓடவிட்டுக் குழம்பை இளக்குங்கள். பிறகு அணைத்து, மின்னிணைப்பைத் துண்டித்து, திருகுகளைக் கழற்றி, குளிர்விப்பானை இடமும் வலமும் மெல்லத் திருகியபடியே விடுவியுங்கள்.

ஆறுகோர்

இருவருக்கும் நன்றி. 720பி சோதனையைச் செய்தேன். ஃபிரேம் எண்ணிக்கை ஒன்றிரண்டு கூடியதைத் தவிர வேறு மாற்றமில்லை.

ரேம் பற்றிய ஐயம் இரண்டு வகையிலும் உண்மையாகிவிட்டது என்பதைச் சற்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். டாஸ்க் மேனேஜர் 2133 என்று காட்டுகிறது. பெட்டியைத் திறந்து பார்த்தபோது, நான்கு ஸ்லாட்டுகளில் செயலியை ஒட்டிய முதல் இரண்டிலும் அடுத்தடுத்து ரேம்களைச் செருகியிருக்கிறேன். இரண்டு இருந்தால் தானாகவே இரட்டைச் சேனலாகிவிடும் (ரேமுக்கும் செயலிக்கும் இடையே இரண்டு பாதைகள் கிடைக்கும்) என்று இத்தனை ஆண்டுகளும் நம்பியிருந்தேன். செயலியின் வெப்பநிலை 70 டிகிரியைத் தாண்டவில்லை என்பது மட்டும் ஆறுதல்.

பதில் 3: சட்டகக்கணக்கு

வெட்கப்பட ஒன்றுமில்லை. பெரும்பாலான நான்கு ஸ்லாட் மதர்போர்டுகளில் அடுத்தடுத்த இரண்டு ஸ்லாட்டுகள் ஒரே சேனலைச் சேர்ந்தவை. செயலியிலிருந்து எண்ணும்போது இரண்டாவதும் நான்காவதுமான ஸ்லாட்டுகளில் செருகுவதே வழக்கம். உங்கள் போர்டின் கையேட்டில் ஏ2, பி2 என்று குறித்திருப்பார்கள், ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஏட்டுக் கணக்கையும் பாருங்கள். ஒரு சேனல் ஒவ்வொரு பரிமாற்றத்திலும் 8 பைட் கொண்டு செல்லும். 2133 வேகத்தில் ஒற்றைச் சேனல் நொடிக்கு ஏறத்தாழ 17 ஜிபி தருகிறது. இதே ரேம்கள் இரட்டைச் சேனலில் 2933இல் ஓடினால் ஏறத்தாழ 47 ஜிபி. விளையாட்டின் வேகம் அதே விகிதத்தில் கூடிவிடாது என்பது தெரிந்ததே. ஆனால் கேச்சில் அடங்காத தரவைத் தேடி ஓடும் நேரங்களில் இந்த வேறுபாடு நேரடியாகத் தெரியும். நீங்கள் சொன்ன அந்தத் திடீர் நிறுத்தங்களில் பலவும் அத்தகைய நேரங்களே.

3200ஐப் பற்றி ஓர் எச்சரிக்கை. இந்தச் செயலிக்கு ஏஎம்டி அறிவித்த அதிகாரபூர்வ உச்சம் 2667தான். அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் ரேம் சில்லுகளையும் மதர்போர்டையும் பயாஸ் பதிப்பையும் பொறுத்தது. முதல் தலைமுறை ரைசன் வந்த புதிதில் ரேம் விஷயத்தில் மிகவும் முரண்டு பிடித்தது. பின்னர் வந்த பயாஸ் புதுப்பிப்புகள் நிலைமையைப் பெரிதும் சீராக்கின. ஆகவே முதலில் பயாஸைப் புதுப்பியுங்கள், பிறகு எக்ஸ்எம்பியை இயக்குங்கள். கணினி இரண்டு மூன்று முறை தானே அணைந்து எழுந்தால் பதற வேண்டாம். ரேமுக்கு ஏற்ற அமைப்பை அது தேடுகிறது. 3200இல் நிற்காவிட்டால், எக்ஸ்எம்பியை இயக்கியபடியே வேகத்தை மட்டும் 2933க்குக் குறையுங்கள். 3200க்கும் 2933க்கும் இடையிலுள்ள வேறுபாடு சிறிது. 2133க்கும் 2933க்கும் இடையிலுள்ளது பெரிது. எந்த வேகத்தில் நிறுத்தினாலும் மெம்டெஸ்ட்86 கொண்டு ஓர் இரவு முழுவதும் சோதித்துவிடுங்கள். நிலையற்ற ரேம் உடனே தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. சில வாரங்கள் கழித்துச் சிதைந்த கோப்பு ஒன்றின் வடிவில் வந்து நிற்கும்.

ஒரு சிறு இடைச்செருகல்: 2019ஆம் ஆண்டின் இறுதியில் இதே 1600 என்ற பெயரில், பகுதி எண்ணின் கடைசியில் ஏஎஃப் என்ற எழுத்துகளுடன் 12 நானோமீட்டர் சில்லு ஒன்று வந்தது. பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது அடுத்த தலைமுறை. உங்களுடையது தொடக்க காலத்தில் வாங்கியது என்பதால் அதுவாக இருக்க வாய்ப்பில்லை. இதைப் படிக்கும் வேறு யாரேனும் தங்கள் சில்லின் மேலுள்ள எழுத்துகளைப் பார்த்துக்கொள்ளலாம்.

பதில் 4: மௌனவிசிறி

ஓவர்கிளாக் பற்றிய பதிலோடு ஓரளவு மாறுபடுகிறேன். 3.4இலிருந்து 3.8க்குப் போவது காகிதத்தில் 12 சதவீதம்; ஆனால் விளையாட்டைத் தாமதிக்கச் செய்யும் அந்த ஓரிரு த்ரெட்கள் பல நேரங்களில் 3.6ஐ ஒட்டியே ஓடிக்கொண்டிருப்பதால், கையில் கிடைப்பது அதைவிடக் குறைவு. மேலும், விலை குறைந்த பி350 போர்டுகள் சிலவற்றில் செயலிக்கு மின்சாரம் வழங்கும் விஆர்எம் பகுதிக்கு வெப்பத் தகடே கிடையாது. எட்டாண்டு உழைத்த போர்டின் மேல் அந்தச் சுமையை ஏற்றுவதற்கு முன் இருமுறை எண்ணுவேன். ரேமை முடித்து, விளையாட்டின் அமைப்புகளைச் சீராக்கி, அதன் பிறகும் போதாது என்றால் மட்டும் அந்தப் பக்கம் போகலாம்.

அமைப்புகளை "ஹை", "மீடியம்", "லோ" என்று ஒட்டுமொத்தமாக மாற்றுவது உங்கள் நிலையில் வீண் வேலை. செயலியைச் சுமக்க வைக்கும் அமைப்புகள் வேறு, கார்டைச் சுமக்க வைப்பவை வேறு. தெருவில் நடமாடும் மக்களின் அடர்த்தி, வாகனங்களின் எண்ணிக்கை, தொலைவில் எதுவரை பொருள்கள் தெரிய வேண்டும் என்ற அமைப்பு ஆகிய மூன்றும் செயலியின் தலையில் விழுபவை. இவற்றை ஒரு படி இறக்கினாலே கூட்டம் நிறைந்த இடங்களில் மூச்சுவிட இடம் கிடைக்கும். நிழல்களின் தரத்தைக் கார்டின் வேலை என்றே பலரும் கருதுகிறார்கள். அது பாதி உண்மைதான். நிழல் வரைபடத்துக்காக ஒவ்வொரு பொருளையும் ஒளியின் பார்வையிலிருந்து மறுபடியும் வரைய வேண்டியிருப்பதால், வரைதல் கட்டளைகளின் எண்ணிக்கை கூடுகிறது. அந்தக் கட்டளைகளைத் தயாரிப்பது செயலி. ரே டிரேசிங்கும் அப்படியே: அசையும் பொருள்களுக்கான கட்டமைப்பை ஒவ்வொரு ஃபிரேமிலும் புதுப்பிக்கும் வேலையில் செயலிக்கும் பங்கு இருப்பதால், உங்கள் கணினியில் அதை அணைத்துவிடுவதே நல்லது.

மாறாக, டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படம்) தரம், விளிம்பு மென்மையாக்கம், திரையின் தெளிவு ஆகியவை செயலியை ஏறத்தாழத் தொடுவதே இல்லை. கார்டு 60 சதவீதத்தில் காத்துக்கிடக்கும்போது இவற்றை உயர்த்துவதால் இழப்பு ஒன்றும் இல்லை. 12 ஜிபி நினைவகம் கொண்ட கார்டில் டெக்ஸ்சரை உச்சத்தில் வைக்கலாம். குறைந்த தெளிவில் வரைந்து பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ் போன்ற அப்ஸ்கேலிங் வசதியை இயக்கினால் வேகம் கூடும் என்று எதிர்பார்த்து ஏமாறுபவர்கள் பலர். அது கார்டின் சுமையைக் குறைக்கிறது. தடை செயலியில் இருக்கும்போது, ஏற்கெனவே ஓய்ந்திருக்கும் கார்டுக்கு மேலும் ஓய்வு கொடுப்பதோடு அதன் பணி முடிந்துவிடுகிறது. ஃபிரேம் ஜெனரேஷன் வேறு வகை: இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே ஒன்றைக் கார்டே உருவாக்குவதால், செயலியைக் கேட்காமலே எண்ணிக்கை கூடும். என்விடியாவின் சொந்த முறை 40 தொடர் கார்டுகளில்தான் தொடங்குகிறது. ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 3 உள்ள விளையாட்டுகளில் உங்கள் 3060இலும் அதைப் பயன்படுத்தலாம். ஆனால் விசையை அழுத்தியதிலிருந்து திரையில் விளைவு தெரியும்வரையான தாமதம் அதனால் குறையாது, சற்றுக் கூடவும் செய்யும். அடிப்படை வேகமே 40இல் தள்ளாடும்போது அதைக் கொண்டு பூசி மெழுகுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இறுதியாக, ஃபிரேம் வரம்பு. 55க்கும் 90க்கும் இடையே ஊசலாடும் வேகத்தைவிட, அசையாத 60 கண்ணுக்கு இதமானது. உங்கள் திரை 144 ஹெர்ட்ஸ் என்பதால், 72இல் வரம்பிட்டால் ஒவ்வொரு ஃபிரேமும் சரியாக இரண்டு முறை காட்டப்படும். செயலி ஒவ்வொரு முறையும் தன் உச்சத்துக்கு ஓடி முட்டிக்கொள்ளாமல், கூட்டமான இடங்களுக்கென்று சிறிது இருப்பு வைத்துக்கொள்ளவும் அது உதவும்.

விளையாட்டு டைரக்ட்எக்ஸ் 12 அல்லது வல்கன் (விளையாட்டு கார்டோடு பேசும் முறைகள்) என்ற தேர்வைத் தந்தால் அதையும் முயன்று பாருங்கள். கட்டளைகளைத் தயாரிக்கும் வேலையைப் பல கோர்களுக்குப் பங்கிட அவை வழி செய்கின்றன. ஆனால் எல்லா விளையாட்டும் அதை நன்றாகப் பயன்படுத்துவதில்லை, சிலவற்றில் பழைய டைரக்ட்எக்ஸ் 11தான் சீராக ஓடும். ஓட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். முதன்முறை திறக்கும்போது ஷேடர்களை (ஒளியையும் நிறத்தையும் கணக்கிடும் சிறு நிரல்களை) தயாரிக்கும் பட்டை ஓடினால் அதை முழுவதுமாக முடியவிடுங்கள். பொறுமையிழந்து தவிர்த்தால், அந்த வேலை ஆட்டத்தின் நடுவே ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு திணறலாகத் திரும்பி வரும்.

பதில் 5: வெப்பக்குழம்பு

விஆர்எம் பற்றிய கருத்தை ஏற்கிறேன். தகடு இல்லாத போர்டு என்றால் 3.7க்கு மேல் போக வேண்டாம்.

விண்டோஸ் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் சுருக்கமாகச் சிலவற்றைச் சேர்க்கிறேன். பின்னணியில் உலாவி, ஆட்டத்தைப் பதிவுசெய்யும் வசதி, வண்ண விளக்குகளுக்கான மென்பொருள் ஆகியவை ஓடுகின்றனவா என்று பாருங்கள். எட்டு கோர் புதிய செயலியில் இவை பொருட்டில்லை, இங்கே பொருட்டுண்டு. விளையாட்டு இன்னும் ஹார்டு டிஸ்கில் இருந்தால் எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். புதிய பகுதிக்குள் நுழையும்போது வரும் திணறலில் ஒரு பங்கு அதனால் போகும்.

விண்டோஸ் பாதுகாப்பு அமைப்புகளில் கோர் ஐசோலேஷன் என்ற பகுதியில் உள்ள மெமரி இன்டெக்ரிட்டி என்னும் பாதுகாப்பு வசதி இயக்கத்தில் இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். அதற்குத் தேவையான வன்பொருள் உதவி ரைசனில் ஸென் 2 தலைமுறையில்தான் வந்தது. உங்கள் செயலியில் அதே வேலை மென்பொருளால் ஈடுகட்டப்படுவதால் இழப்பு கூடுதல். அணைத்தால் வேகம் சற்றுக் கூடும் என்பது உண்மை. ஆனால் அது ஒரு பாதுகாப்பு அரண். அதே கணினியில் வங்கிக் கணக்கையும் அலுவலகக் கோப்புகளையும் திறப்பவர் என்றால், சில ஃபிரேம்களுக்காக அதை அணைப்பதை நான் விரும்பவில்லை. ரெஜிஸ்ட்ரியில் மந்திர எண்களை மாற்றச் சொல்லும் அறிவுரைகளையும், ஒரே சொடுக்கில் வேகத்தை இரட்டிப்பாக்குவதாகச் சொல்லும் மென்பொருள்களையும் அண்டவே விடாதீர்கள்.

ஆறுகோர்

ஒரு வாரம் கழித்து நிலவரத்தைத் தெரிவிக்கிறேன். பயாஸைப் புதுப்பித்து, ரேம்களை இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளுக்கு மாற்றினேன். 3200இல் கணினி மூன்று முறை அணைந்து எழுந்து, தானே 2133க்குத் திரும்பிவிட்டது. 2933இல் முதல் முயற்சியிலேயே எழுந்தது. இரவு முழுவதும் ஓடிய மெம்டெஸ்ட்டில் ஒரு பிழையும் இல்லை.

அதே தெருமுனையில் முன்பு 46 வரை விழுந்த எண் இப்போது 60க்குக் கீழே இறங்குவதில்லை. மக்கள் அடர்த்தியையும் நிழலையும் ஒரு படி இறக்கியபின், 72 வரம்பு பெரும்பாலான இடங்களில் அசையாமல் நிற்கிறது. டெக்ஸ்சரை உச்சத்துக்கு உயர்த்தியதில் எந்த வேறுபாடும் தெரியவில்லை, படம்தான் அழகாயிற்று. மெமரி இன்டெக்ரிட்டியை அப்படியே விட்டுவிட்டேன். ஓவர்கிளாக் செய்யப் போவதில்லை; என் போர்டின் விஆர்எம்முக்குத் தகடு இல்லை.

ஒரே ஒரு துணைக்கேள்வி. உத்தி விளையாட்டு ஒன்றில், ஆட்டத்தின் பிற்பகுதியில் ஆயிரக்கணக்கான படைகள் சேர்ந்தபின் எந்த அமைப்பை இறக்கினாலும் வேகம் கூடவில்லை. அதற்கும் ஏதேனும் வழி உண்டா?

பதில் 6: சட்டகக்கணக்கு

அதற்கு அமைப்புகளில் வழி இல்லை. அங்கே செயலி வரைவதற்காகத் திணறவில்லை. ஒவ்வொரு படையும் எங்கே போக வேண்டும் என்று கணக்கிடுவதற்காகத் திணறுகிறது. அந்த வேலைக்கு ஒரு கோரின் வேகமும் கேச்சின் அளவும்தான் மருந்து. இரண்டும் உங்கள் செயலியில் இனிக் கூடப் போவதில்லை.

ஆனால் நீங்கள் மாற்ற விரும்பாத மதர்போர்டையும் ரேமையும் மாற்றாமலேயே செயலியை மட்டும் மாற்ற முடியும் என்பதை அறிவீர்களா? 300 தொடர் சிப்செட்டுகளுக்கும் ரைசன் 5000 தொடரின் ஆதரவு 2022இல் வழங்கப்பட்டது. உங்கள் போர்டின் ஆதரவுப் பட்டியலில் பெயர் இருந்தால், ரைசன் 5 5600 நேரடியாக அதே சாக்கெட்டில் அமரும். அதே 6 கோர், அதே 65 வாட், ஆனால் 4.4 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடும், ஆறு கோர்களும் ஒரே குழுவாக 32 எம்பி எல்3 கேச்சைப் பகிர்ந்துகொள்ளும். உங்கள் குளிர்விப்பானே அதற்கும் போதும். படைகள் குவியும் விளையாட்டுகளே உங்கள் விருப்பம் என்றால் 96 எம்பி கேச் கொண்ட 5700எக்ஸ்3டி இன்னும் பொருத்தமானது. ஆனால் அது 105 வாட் என்பதால், தகடு இல்லாத உங்கள் போர்டுக்கு நான் 5600ஐயே சொல்வேன். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது என்பதும், விண்டோஸ் 11இன் ஆதரவுப் பட்டியலில் உங்கள் 1600 இல்லை, 5600 உண்டு என்பதும் இன்னொரு காரணம்.

மாற்ற முடிவு செய்தால் வரிசை முக்கியம். பழைய செயலி இருக்கும்போதே, 5000 தொடரை ஏற்கும் பயாஸ் பதிப்பை நிறுவிவிடுங்கள். நீங்கள் அண்மையில் நிறுவியது அந்தப் பதிப்புதானா என்று பாருங்கள். வட்டு பிட்லாக்கர் என்னும் விண்டோஸின் குறியாக்க வசதியால் பூட்டப்பட்டிருந்தால், மீட்புச் சாவியை வேறொரு சாதனத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, பூட்டைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டுச் செயலியைக் கழற்றுங்கள். சாவிகளைப் பாதுகாக்கும் டிபிஎம் என்னும் பகுதி செயலிக்குள்ளேயே இருப்பதால், செயலி மாறியதும் சாவியைக் கேட்கும். குளிர்விப்பானைத் திருகி எடுக்கும் முறையை வெப்பக்குழம்பு ஏற்கெனவே எழுதிவிட்டார். புதிய செயலியுடன் எழுந்ததும் பயாஸ் பெரும்பாலும் தொடக்க நிலைக்குத் திரும்பி, ரேமை மறுபடியும் 2133இல் வைத்திருக்கும். எக்ஸ்எம்பியை மீண்டும் இயக்குங்கள். உங்கள் ரேம் முரண்டு பிடித்த 3200 இந்த முறை நிற்கக்கூடும்: 5600க்கு அதுவே அதிகாரபூர்வ வேகம்.